எடுத்து வெச்ச குடம்

எங்க ஊர்ல ஒரு பாத்திரக்கடை இருந்துச்சு, இப்பவும் இருக்கு, நான் இதை டைப் பண்ணிக்கிட்டிருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிர்ல ஷட்டரைத் தூக்கிவிட்டு ஃபேன் சுத்திக்கிட்டேதான் இருக்கு, அதனால ஏதோ அந்தக் காலத்துக் கதைன்னு நெனச்சு யாரும் காலை நீட்டி உக்கார வேணாம், இது போன ஆனியில ஆரம்பிச்சு ஆவணியில முடிஞ்ச கதை. ஊர் பேரு செவக்காட்டூர். விருதுநகர்ல ஒரு பஸ்ஸப் புடிச்சு, அந்த பஸ் உங்களை எறக்கிவிட்டுட்டுப் போன எடத்துல ஒரு மினிபஸ்ஸப் புடிச்சு, அதுலயும் எல்லாரும் எறங்குன பெறகு டிரைவர் திரும்பி "நீங்க எங்க போகணும்?"னு சந்தேகமா கேப்பாரு பாருங்க, அந்த எடம்தான்.

கடை பேரு பொன்னுலிங்கம் பாத்திர மாளிகை. மாளிகைன்னா பத்தடிக்கு இருபதடி. அதுக்குள்ள பொன்னுலிங்கம் அண்ணாச்சி, நல்ல ஒசரம், ஒசரத்துக்கு ஏத்த வீம்பு. எங்க ஊர்ல தாலி இல்லாமக்கூட கல்யாணம் நடந்திருக்கு, அண்ணாச்சி கடைக் குடம் இல்லாம நடந்ததில்ல. சீர் பாத்திரத்துல முதல்ல வைக்கிறது எவர்சில்வர் குடம், அதை அண்ணாச்சி சும்மா எடுத்துக் குடுத்துட மாட்டாரு, விரல் முட்டியால ஒரு தட்டு தட்டி, குடத்தைக் காதுகிட்ட கொண்டு போயி, கண்ண மூடிக் கேப்பாரு. 'டங்'னு ஒரே சத்தமா வந்தாத்தான் கல்யாணப் பொண்ணுக்கு. சத்தம் ரெண்டா ஒடஞ்சு வந்தா அது லாட்ஜுக்கும் ஹாஸ்டலுக்கும்.

இன்னொண்ணு, யாராவது ஒரு பாத்திரத்தைக் கையில எடுத்துப் பார்த்துட்டு "எடுத்து வைங்க அண்ணாச்சி, வீட்ல கேட்டுட்டு வந்துர்றேன்"னு சொல்லிட்டா போதும், அது மேல் தட்டுக்குப் போயிரும், அப்புறம் கலெக்டரே வந்து கேட்டாலும் கெடையாது. ஒரு அம்மா இட்லிச் சட்டியை எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போயி பதினோரு வருஷம் கழிச்சு வந்துச்சு. அண்ணாச்சி ஸ்டூல் போட்டு ஏறி, எறக்கி, தூசியைத் தொடச்சு, "இந்தாங்க உங்க சட்டி, வீட்ல என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டாரு.

இப்படி ஊர்ல இருக்கிற எல்லாப் பொண்ணுக்கும் குடம் தட்டிக் குடுத்த மனுசன், ஒரே ஒரு பொண்ணுக்கு மட்டும் குடுக்கல. அது அவரு பெத்த பொண்ணு.

நாலு வருஷம் முன்னாடி அந்தப் பொண்ணு கடைக்கே வந்து, திருட்டுத்தனமெல்லாம் இல்லாம, பட்டப்பகல்ல நின்னு, "அப்பா, நான் இன்னாரைத்தான் கட்டிக்கப் போறேன், ஓசூர்ல வேலை கெடச்சிருக்கு, நீங்க வரணும்"னு சொல்லுச்சு. அந்த இன்னாரு நம்ம ஆளு இல்ல, அவ்ளோதான் குத்தம், மத்தபடி எம்.இ. படிச்ச பையன். அண்ணாச்சி அப்ப ஒரு குடத்தைத் தட்டிக் காதுல வெச்சிருந்தாரு. அதைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அஞ்சு நிமிஷம் கேட்டாரு, பத்து நிமிஷம் கேட்டாரு, உலகத்துலயே எந்தக் குடமும் அவ்ளோ நேரம் பேசினதில்ல. அந்தப் பொண்ணு ஒரு ஸ்பூன்கூட எடுக்காம ஒரே ஒரு பையோட பஸ் ஏறிருச்சு. அண்ணாச்சி வீட்டம்மா தவறி ரொம்ப வருஷம், சமாதானம் பேச வீட்ல வேற ஆளில்ல. அன்னையிலேர்ந்து அவரு மக பேரை வாயால சொன்னதே இல்ல. எங்க ஊரு ரொம்ப நாகரிகமான ஊரு, அவரு முன்னாடி யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாங்க, அவரு இல்லாத மத்த எல்லா எடத்துலயும் மட்டும்தான் எடுப்பாங்க.

கடை வாசப்படியில உக்காந்து பாத்திரத்துல பேரு வெட்டுறது மரியபுஷ்பம் அக்கா. கையில பேனா மாதிரி ஒரு சின்ன மெஷின், 'கிர்ர்'னு பல் டாக்டர் சத்தம். அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு, துண்டுச் சீட்டுல எழுதி நீட்டினா வெட்டாது. "வாயைத் தொறந்து சொல்லுங்க. வாயால சொல்ல வராத பேருக்கு எதுக்கு அண்டா?"

சரி, இப்ப நான் வர்றேன், அந்த எதிர் ஜெராக்ஸ் கடையில உக்காந்திருக்கிறவ. நான்தான் இத்தனைக்கும் காரணம்னு ஊரு சொல்லுது, நான் மறுக்கல. யாரோ ஒரு புண்ணியவான் போட்ட 'அரை மணி நேரத்தில் ஆன்லைன் கடை' வீடியோவைப் பார்த்ததுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல, எதிர்க்கடையைப் பார்க்கப் பார்க்க கை அரிக்குது.

"அண்ணாச்சி, உலகமே ஆன்லைன்ல இருக்கு, நீங்க மட்டும் ஷட்டருக்குள்ள இருக்கீங்க."

"உலகத்துக்கு எதுக்குத்தா அண்டா?"

"அமெரிக்காவுல நம்மாளுங்க அண்டாவுக்கு ஏங்கிப் போயி கெடக்காங்க அண்ணாச்சி."

"ஏங்குறவன் ஏன் போனான்?"

இப்படியே பதினேழு நாள் நச்சரிச்சேன். பதினெட்டாம் நாள், "போட்டுத் தொலை, எனக்கு காது வலிக்குது"ன்னுட்டாரு. இதைத்தான் வீடியோவுல 'வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறுதல்'னு சொன்னாங்க.

ஓசியில கெடைக்கிற டெம்ப்ளேட்ல நல்லா இருந்தது ஒண்ணுதான், அது கேக் கடைக்குச் செஞ்சது. எவ்ளோ மாத்தியும் சிலது மாறல. ஒவ்வொரு அண்டாவுக்குக் கீழயும் 'முட்டை கலந்ததா, கலக்காததா?'ன்னு கேட்டுக்கிட்டே நின்னுச்சு. ஆனா 'கேக்கின் மேல் எழுத வேண்டிய பெயர்'னு ஒரு கட்டம் இருந்துச்சு பாருங்க, அதைப் பார்த்ததும் துள்ளிட்டேன், பேரு வெட்டுறதுக்கு அப்படியே பொருந்துது, கடவுளே டெம்ப்ளேட் செஞ்ச மாதிரி.

போட்டோ எடுக்கிறப்ப அடுத்த சண்டை. "நாப்பது குடமும் ஒரே மாதிரிதான் அண்ணாச்சி, ஒரு போட்டோ போதும்"னேன். "ஒரே மாதிரியா? தட்டிப் பாரு"ன்னாரு. அதனால நாப்பது குடத்துக்கு நாப்பது போட்டோ, நாப்பது 'டங்', ஒவ்வொண்ணையும் அவரு தட்ட நான் போன்ல பதிஞ்சு, தொட்டா சத்தம் கேக்கிற மாதிரி போட்டேன். கடைசியா பின் தட்டுல தனியா ஒரு குடம் இருந்துச்சு. "அது வேணாம், அது விக்கிறதுக்கு இல்ல"ன்னாரு. எனக்கு நாப்பத்தொண்ணு நல்ல நம்பரா தோணுச்சு. தட்டுங்க அண்ணாச்சி, தட்டுங்க அண்ணாச்சின்னு உயிரை எடுத்தேன். அதை எறக்கி, துண்டால தூசியைத் தொடச்சிட்டு ஒரே ஒரு தட்டு தட்டினாரு. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்ல, கிணத்துக்குள்ள நெலா விழுந்த மாதிரி. நாலு வருஷம் முன்னாடி அவரு காதுல வெச்சிருந்த குடம் அதுதான்னு எனக்கு அப்பத் தெரியாது. எனக்கு அப்ப நெறைய விஷயம் தெரியாது, ஆர்வம் மட்டும் தெரியும்.

தப்பு நடந்தது இதுக்கு அப்புறம்தான். கூடையில போடுற பட்டனுக்குத் தமிழ்ல என்ன எழுதலாம்னு கேட்டேன். "நம்ம கடையில என்ன சொல்வாங்களோ அதை எழுது"ன்னாரு. 'எடுத்து வைங்க'ன்னு எழுதினேன். அடுத்து அந்த டெம்ப்ளேட் கேட்டுச்சு, எடுத்து வெச்ச பொருளை எவ்ளோ நேரம் வெச்சிருக்கணும்னு. வழக்கமா பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருந்துச்சு.

அண்ணாச்சிக்கு மூஞ்சி செவந்துருச்சு. "பதினஞ்சு நிமிஷமா? ஒருத்தி ஆசைப்பட்டு எடுத்து வைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருக்கா, அவ தெரு முக்கு திரும்புறதுக்குள்ள அதை இன்னொருத்திக்கு வித்தா, நான் வியாபாரம் பண்றேனா, வழிப்பறி பண்றேனா?"

"அப்ப எவ்ளோ நேரம் அண்ணாச்சி?"

"அவங்க வர்ற வரைக்கும்."

அவங்க வர்ற வரைக்கும்னு ஒரு ஆப்ஷன் இல்ல. சைபர்னு போட்டா முடிவே கெடையாதுன்னு அர்த்தமாம். போட்டேன். வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல லிங்கைத் தட்டிவிட்டுட்டு டீ குடிக்கப் போனேன்.

ரெண்டு மணி நேரம் ஆகியிருக்காது. பின் தட்டுல இருந்த அந்த நாப்பத்தொண்ணாவது குடம் தானா எந்திரிச்சு, அலமாரியை விட்டு வெளிய வந்து, கல்லாவைத் தாண்டி, ஃபேன்ல படாம ஒதுங்கி, கடை வாசல்ல நெலைக்குக் கொஞ்சம் கீழ வந்து அந்தரத்துல நின்னுச்சு. புஷ்பம் அக்கா வெட்டிக்கிட்டிருந்த பேரை முடிச்சிட்டு நிமிர்ந்து பார்த்துச்சு.

"அண்ணாச்சி, ஒரு குடம் வெளிய வந்திருக்கு."

"யாரு எடுத்து வைக்கச் சொன்னாங்களோ" அப்படின்னுட்டு அவரு சில்லறை எண்ணப் போயிட்டாரு.

அவ்ளோதான் ஆச்சரியம். அதுக்கு மேல ஆச்சரியப்பட எங்க ஊர்ல யாருக்கும் நேரம் இல்ல, ஏன்னா சாயங்காலத்துக்குள்ள துபாய்லேர்ந்தும் திருப்பூர்லேர்ந்தும் நம்ம ஊரு ஆளுங்க ஆளாளுக்கு 'எடுத்து வைங்க'வை அமுக்கி, ஒரு இட்லிச் சட்டி, மூணு தூக்குவாளி, ஒரு டஜன் டம்ளர், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கல்யாண ஊர்வலம் மாதிரி கடையை விட்டு வந்து பஜார் மேல நின்னுருச்சு. ஒரு வாரத்துல அண்டா, குண்டா, குத்துவிளக்கு, ஆப்பச்சட்டி, பெரிய தாம்பாளம். ஒருத்தரும் வாங்கல. எல்லாரும் எடுத்து மட்டும் வைக்கச் சொன்னாங்க.

எல்லாம் ஒரே ஒசரத்துல நிக்கல. சிலது ஆள் தலையில இடிச்சுச்சு, சிலது செல்போன் டவரைத் தாண்டி புள்ளியா தெரிஞ்சுச்சு. இதுக்கு என்ன காரணம்னு ஊரே மண்டையைப் பிச்சுக்கிட்டப்ப புஷ்பம் அக்காதான் மெஷினை ஆஃப் பண்ணிட்டுச் சொல்லுச்சு: "சும்மா ரேட்டு பார்க்கறதுக்குப் போட்டதெல்லாம் மேல போயிருச்சு. நெசமா ஆசைப்பட்டதெல்லாம் கீழ நிக்குது. கனம் இருக்குல்ல."

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. அதுலேர்ந்து ஊருக்குள்ள பெரிய ரகளை. எனக்கு எதுலயுமே பற்று இல்லைன்னு முப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் எடுத்து வைக்கச் சொன்ன ஒரு பொங்கல் கிண்ணம் கணுக்கால் ஒசரத்துல நின்னுச்சு, தடுக்கி விழுந்ததும் அவருதான். கல்யாணத் தரகர்களுக்குக் கொண்டாட்டம், மாப்ள வீட்டாரை வரச் சொல்லி, பொண்ணு பேருக்கு ஒரு தூக்குவாளி எடுத்து வைங்கன்னு போன்ல அமுக்கச் சொல்லி, எல்லாரும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பாங்க. மேட்டுத்தெருவுக்கு வந்த ஒரு மாப்ள போட்ட தூக்குவாளி விர்ருனு மேகத்துக்குள்ள போயிருச்சு. "நல்ல எடம், ஆனா வேணாம்"னு பொண்ணோட அம்மா காபியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க.

மத்தபடி ஊரு நல்லாவே பழகிருச்சு. பஜார்ல நிழல் கெடச்சதால பூக்காரம்மா எடத்தை மாத்தி நடு ரோட்டுக்கு வந்துச்சு. மினிபஸ் டிரைவர் பெரிய அண்டாகிட்ட வந்ததும் ஹாரன் அடிச்சு வளைஞ்சு போவாரு. மழை பேஞ்சா நிமிந்து நின்ன பாத்திரமெல்லாம் நெறைஞ்சு, மழை விட்ட பெறகும் காத்தடிக்கிறப்ப தலையில ஊத்தும், அதனால வெயில்லயும் எல்லாரும் குடை புடிச்சாங்க. டவர் ஒசரத்து அண்டாவுல ஒரு காக்கா கூடு கட்டுச்சு. வார்டு கவுன்சிலர் தன்னோட முயற்சியாலதான்னு ஃபிளெக்ஸ் வெச்சாரு. பேரூராட்சியிலேர்ந்து 'அனுமதியின்றி மேற்கூரை அமைத்தது' சம்பந்தமா ஒரு நோட்டீஸ் வந்துச்சு, அதைக் கொண்டு வந்தவரே போறப்ப ஒரு குக்கரைக் காட்டி "இது யாருதுங்க?"ன்னு ஏக்கமா கேட்டுட்டுப் போனாரு. ஒரு டிவிக்காரங்க வந்தாங்க, யாராவது அழுறாங்களான்னு தேடிப் பார்த்துட்டு, இல்லைன்னதும் கெளம்பிட்டாங்க.

இருங்க, ஒருத்தர் வாக்காளர் அட்டையை ரெண்டு பக்கமும் எடுக்கணுங்கிறாரு.

ம், எங்க விட்டேன்? குடம். அந்த முதல் குடம்.

அது வாசலை விட்டு நகரவே இல்ல. சரியா அண்ணாச்சி நெத்தி ஒசரத்துல நின்னுச்சு. மத்தவங்களுக்கெல்லாம் தலைக்கு மேல, அவரு ஒருத்தருக்கு மட்டும் நெத்தியில. தினமும் காலையில ஒம்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கிட்டு உள்ள போவாரு, டங். மதியம் சாப்பிடப் போவாரு, டங். திரும்பி வருவாரு, டங். டீக்கடையில அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் ரெண்டாவது பாய்லரை ஏத்தினாங்க.

"குனிஞ்சு போங்களேன் அண்ணாச்சி" அப்படின்னு புஷ்பம் அக்கா.

"என் கடைக்குள்ள போறதுக்கு நான் எதுக்குக் குனியணும்?"

"ரெண்டு இஞ்சு."

"ரெண்டு இஞ்சா இருந்தா என்ன, ரெண்டு நூலா இருந்தா என்ன."

அவரு குனியல, குடமும் ஏறல. அவரு நெத்தியில எலுமிச்சங்கா அளவுக்கு ஒரு வீக்கம், குடத்துல அதே அளவுக்கு ஒரு பள்ளம்.

நான் இந்தப் பக்கம் லேப்டாப்ல எத்தனை பேரு வந்தாங்க, எந்த ஊருன்னு நாளெல்லாம் பார்த்துப் பூரிச்சுக்கிட்டிருந்தேன். அப்பத்தான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. ஓடிப்போயி புஷ்பம் அக்காகிட்ட சொன்னேன்.

"யக்கா, நமக்கு ஒரு ரசிகரு இருக்காங்க! அந்த வாசக் குடத்தை எடுத்து வெச்சவங்க, தினமும் காலையில ஒம்பது மணிக்கு கரெக்டா வந்து, அந்தச் சத்தத்தை ஒரு தடவ அமுக்கிக் கேட்டுட்டு, வாங்காமலே போயிடறாங்க. ஒரு நாள் தவறல. பேரு போடல. ஊரு மட்டும் ஓசூர்னு காட்டுது. ஓசூர்ல நமக்கு யாருக்கா இருக்கா?"

அக்கா என்னை மேலயும் கீழயும் பார்த்துச்சு. "ஏ பிள்ள, நீ படிச்சவதான?"

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. ஒம்பது மணி. கடை தொறக்கிற நேரம். அந்தப் பொண்ணு அங்கேர்ந்து சத்தத்தை அமுக்குற நேரமும், இவரு இங்க நெத்தியை முட்டுற நேரமும் ஒண்ணு. நான் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சிகிட்ட சொல்லிடவா?"ன்னேன்.

"அவருக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தெரியாத மனுசன் கயித்தைப் போட்டு அதைக் கட்டி இழுத்து ஓரமா தள்ளியிருக்க மாட்டாரா? எத்தனை நாளா முட்டிக்கிட்டு நிக்காரு."

விஷயம் சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுருச்சு, நான் யார்கிட்டயும் சொல்லல, நாலு பேருகிட்டதான் சொன்னேன். எங்க ஊரு நாகரிகமான ஊருல்ல, அவரு முன்னாடி ஒருத்தரும் மூச்சு விடல, ஆனா ஒம்பது மணிக்கு டீக்கடையில கூட்டம் ரெண்டு மடங்காச்சு. இன்னைக்குக் குனிவாரா, குனிய மாட்டாரா. டங். உச்சுக் கொட்டிட்டு அவங்கவங்க வேலைக்குப் போயிடுவாங்க.

அப்புறம் ஆவணி வந்துச்சு. முதல் முகூர்த்தத்துக்கு ஊர்ல மூணு கல்யாணம். மூணு வீட்டுக்காரங்களும் சீர் பாத்திரம் எடுக்க வந்தா கடையில ரெண்டு சல்லடையும் ஒரு எலிப்பொறியும்தான் மிச்சம், பாக்கியெல்லாம் அந்தரத்துல. புதுசா லோடு எறக்கினாலும் நான் போட்டோ போட்ட மறுநிமிஷம் அதுவும் ஏறிடுது. போட்டோ போடாம இருன்னு எல்லாரும் சொன்னாங்க, என்னால முடியல, கை நிக்கல.

முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்னாடி, ஒரு நாள் காலையில பத்து மணிக்கு வியாபாரிகள் சங்கத் தலைவர், அரிசி மண்டி குருவையா, மூணு கல்யாண வீட்டையும் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வந்துட்டாரு. என்னையும் லேப்டாப்போட இழுத்துட்டு வந்தாங்க. பின்னாடியே பஜார் மொத்தமும்.

"இந்தா பாரும் பொன்னுலிங்கம், பொண்ணுங்க கல்யாணம் நிக்கப் போகுது. இந்தப் பிள்ளைகிட்ட ஏதோ பட்டன் இருக்காம்ல, அமுக்கினா எல்லாம் எறங்கிருமாம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தாரு. "அப்படி இருக்காத்தா?"

"இருக்கு அண்ணாச்சி. 'எடுத்து வெச்சதெல்லாம் காலி'ன்னு ஒண்ணு இருக்கு. அமுக்கினா எல்லாம் தட்டுக்குத் திரும்பிரும். எது யாரு எடுத்து வெச்சதுன்னு தடமே இருக்காது."

"எல்லாமும்னா?"

"எல்லாமும்தான்."

அவரு வாசலைப் பார்த்தாரு. குடம் ஆடாம நின்னுச்சு.

"அது மட்டும் இருக்கட்டும்"னாரு, ரொம்ப மெதுவா.

"ஒண்ணை மட்டும் விடுறதுக்கு ஆப்ஷன் இல்ல அண்ணாச்சி. ஆர்டர் ஆயிட்டா மட்டும்தான் தப்பிக்கும். நானே ஆர்டரா மாத்திடலாம், ஆனா அந்தக் கட்டத்துல பேரு போட்டாத்தான் மாறும்." நான் திரையை அவரு பக்கம் திருப்பினேன். கேக்கின் மேல் எழுத வேண்டிய பெயர்.

புஷ்பம் அக்கா முக்காலியை நகத்தி நகத்தி சரியா குடத்துக்குக் கீழ கொண்டு வந்து போட்டு உக்காந்து, மெஷின் வயரை உதறி, மடியில துணியை விரிச்சிச்சு.

"பேரச் சொல்லுங்க அண்ணாச்சி."

"உனக்குத் தெரியாதாக்கும்."

"எனக்குத் தெரியும், இந்த பஜாருக்கே தெரியும், தோ அந்த மினிபஸ்ஸுக்குத் தெரியும். என் சட்டம் உங்களுக்கும் தெரியும்ல?"

அவரு துண்டால மூஞ்சியைத் தொடச்சாரு. "பொன்னுலிங்கம் மகள்னு வெட்டு."

"ஏன், மகளுக்குப் பேரு வைக்க மறந்துட்டீங்களா?"

"நான் வேணா சொல்லட்டா?"ன்னு குருவையா வாயைத் தொறந்தாரு.

"நீங்க அரிசி மூட்டைக்குப் பேரு வைங்க, போங்க"ன்னுச்சு அக்கா. திரும்பிக்கூடப் பார்க்கல.

அண்ணாச்சி குடத்துகிட்ட போனாரு. நெத்தி குடத்தைத் தொட்டுருச்சு, ஆனா இந்த தடவ முட்டல, சும்மா சாய்ச்சுக்கிட்டாரு, காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தியில நெத்தி வெச்சுப் பார்ப்போம்ல, அப்படி. நாலு வருஷமா தொறக்காத ஷட்டரு மாதிரி தொண்டை ரெண்டு மூணு தடவ கரகரன்னுச்சு.

"சுடர்விழி"ன்னாரு.

குடத்துக்குள்ள அந்தப் பேரு ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. இன்னொரு தடவ சொன்னாரு, இந்த தடவ யாரும் கேக்காமலே. "சுடரு. என் மக சுடர்விழி."

குடம் கைப்பிள்ளையை எறக்கி விட்ட மாதிரி மெதுவா எறங்கி அக்கா மடியில உக்காந்துச்சு. கிர்ர்ருன்னு மெஷின் ஓடுச்சு, நான் டைப் பண்ணேன், ரெண்டு தடவ தப்பா வந்து மூணாவது தடவ சரியா வந்துச்சு. முட்டை கலந்ததா கலக்காததான்னு கேட்டுச்சு, கலக்காததுன்னு போட்டேன். ஆர்டர் ஆச்சு. அப்புறம்தான் அந்தப் பெரிய பட்டனை அமுக்கினேன்.

பஜார் மேல இருந்ததெல்லாம் எறங்க ஆரம்பிச்சுச்சு. வந்த மாதிரியே வரிசையா, இடிக்காம கொள்ளாம, தட்டுல போயி உக்காந்துச்சு. கீழ நின்னதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல வந்துருச்சு, மேகத்துக்குள்ள போன தூக்குவாளி வர்றதுக்குச் சாயங்காலம் ஆச்சு, அதுக்கு ஒரு அவசரமும் இல்ல. டவர் ஒசரத்து அண்டா மட்டும் இன்னும் வரல, காக்கா குஞ்சு பொரிச்சிருக்கு. பூக்காரம்மா, "நல்லா நிழலா இருந்துச்சு, கெடுத்துட்டாளுங்க"ன்னு திட்டிக்கிட்டே பழைய எடத்துக்குப் போச்சு. ஹெட்மாஸ்டர் கிண்ணத்தை வாங்கிட்டாரு, நேரா கடைக்கு வந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டே.

"கொரியர்ல போட்டுரலாம் அண்ணாச்சி, பபிள் கவர் சுத்தி சூப்பரா போகும்"னேன்.

"சீர்க் குடத்தைக் கொரியர்லயா போடுவாங்க?" அப்படின்னு கேட்டுட்டு, மறுநாள் வெள்ளை வேட்டி கட்டி, குடத்தை மடியில வெச்சு, ஜன்னல் சீட்டுல உக்காந்து போனாரு. கடைக்கு ரெண்டு நாள் பூட்டு. அவரு வீட்டம்மா தவறுனப்பக்கூட அடுத்த நாளே தொறந்த கடை அது. ரெண்டு நாளும் ஒம்பது மணிக்கு டீக்கடைக்காரரு எதிர்ல பார்த்துப் பார்த்து, ரெண்டாவது பாய்லரை ஏத்தவே மறந்துட்டாரு.

திரும்பி வந்ததும் ஊரே சுத்தி நின்னுச்சு. "ஓசூர் எப்படி அண்ணாச்சி?"

"வெயில் கம்மி"ன்னாரு. அவ்ளோதான். நெத்தி வீக்கம் மட்டும் வடிஞ்சிருந்துச்சு.

பத்து நாள் கழிச்சு, நேத்துக் காலையில, ஒம்பது மணிக்கு, எங்க ஆன்லைன் கடைக்கு முதல் விமர்சனம் வந்துச்சு. 'உங்கள் கேக் எப்படி இருந்தது?'ன்னு டெம்ப்ளேட் கேட்டிருந்த எடத்துக்குக் கீழ, அஞ்சுக்கு நாலு ஸ்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். அண்ணாச்சி ஒரு குடத்தைத் தட்டிக் காதுல வெச்சிருந்தாரு, என்னைப் பார்த்ததும் அதைக் கீழ வெச்சிட்டாரு. புஷ்பம் அக்கா மெஷினை நிறுத்துச்சு. நான் சத்தமா படிச்சேன்:

"குடம் கெடச்சது. டெலிவரி நாலு வருஷம் லேட், அதனால ஒரு ஸ்டார் கம்மி. கொண்டு வந்தவரு நல்ல ஒசரம். எங்க வாடகை வீட்டு நெலை ரொம்பத் தாழ்வு. நான் சொல்றதுக்கு முன்னாடியே குனிஞ்சு வந்தாரு. குடத்துல ஒரு பக்கம் நெத்தி அளவுக்கு நசுங்கியிருக்கு. மாத்தித் தர வேணாம்."